குருவிச்சையும் இழைமணியும்

மாரிகாலத்தில் திரிம்பாக் பக்கத்து அப்பிள் மரங்கள் இலையுதிர்ந்து நிற்கையில், கிளைகளில் பச்சைப் பந்துகள்போல் தொங்குவன எவையெனப் பிள்ளைகள் வினவுவதுண்டு. ஊரில் மாமரத்தைப் பற்றிய குருவிச்சைக்கு உறவான செடியே இது. இங்கு ‘மிஸ்ரல்’ என்பர்.

கலங்களுக்குச் சக்தி வழங்கும் இழைமணிக்குத் தனக்கெனப் பரம்பரையலகுகள் உண்டு. மனிதரில் அவை 16,569 மூலச்சோடிகளுள் அடங்குவன; தாய்வழியே வருவன. வித்துத் தாவரங்களிலோ இதற்கு ஓர் ஒழுங்கில்லை. சைலீன் கொனிக்கா என்னும் சிறு பூண்டில் ஒரு கோடியே 13 இலட்சம் சோடிகள்! ஆயினும் பரம்பரையலகுகள் சில பத்துக்களே. எஞ்சியவை பெரும்பாலும் வெறும் நிரப்பு. மிஸ்ரலின் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியில் ஏறத்தாழ 66,000 சோடிகளே உள்ளதென 2015இல் அறியப்பட்டது.

வியப்பு அதுவன்று. இழைமணியின் சுவாசச் சங்கிலியில் முதலாவது கூட்டுநொதியின்றிப் பல்கல உயிர் வாழாதென்றே கருதப்பட்டது. மிஸ்ரலில் அந்நொதி அறவே இல்லையென 2018இல் பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் இரு குழுவினர் தனித்தனியே கண்டனர்.

அவ்வாறாயின் எங்ஙனம் வாழ்கிறது? மரத்திடம் நீரும் உப்பும் பெறுகிறது. (‘ஒட்டுண்ணி’ என்ற சொல்லை நாமும் கேட்டிருக்கிறோம், ஆதலால் மிஸ்ரல் தன் பச்சை இலைகளால் தானும் உணவாக்குகிறது என்பதையும் குறித்துவிடுகிறேன்.) வெல்லத்தை உடைக்கும் பழைய வழியையும், சங்கிலியின் மாற்று நொதிகளையும் கொண்டு சமாளிக்கிறது. கிடைக்கும் சக்தி குறைவு. வளர்ச்சியும் மெதுவானதே, வித்து முளைத்து முதற்பூ மலர ஐந்து ஆண்டளவு செல்லும்.