ஆஸ்பத்திரி மூட்டை

சென்ற மாதம் சென்னையில் நமது நண்பர் ஒருவருடைய நான்கு வயதுப் பெண் குழந்தைக்குக் குடலிறக்கத்துக்காகச் சிறியதொரு ரண சிகிச்சை செய்ய நேர்ந்தது. மறுநாள் காலையில் சிகிச்சை. முந்தின நாள் மாலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டுமென்பது டாக்டரின் உத்தரவு. செய்தி அறிந்து நாமும் பார்க்கச் சென்றோம்.

அறைக்குள் கால் வைக்க இடமில்லை. இரண்டு பெட்டிகள், நான்கு அடுக்குத் தூக்குப் பாத்திரம், முறுக்கு டின் ஒன்று, அன்றைக்கே கடையில் வாங்கிய பேசும் பொம்மை ஒன்று - கலியாணத்துக்குப் புறப்பட்ட குடும்பத்தைப் போல் இருந்தது. நர்ஸ் அம்மாள் வந்து, "குழந்தையின் எடை எவ்வளவு? இப்போது ஏதாவது மருந்து கொடுத்து வருகிறீர்களா?" என்று விசாரித்தாள். "இருமலுக்கு ஒரு மருந்து கொடுக்கிறோம், சிவப்பாக இருக்கும், கொஞ்சம் தித்திக்கும்" என்றார் நண்பர். உலகத்திலுள்ள இருமல் மருந்துகளில் பாதி சிவப்பாகவும் தித்திப்பாகவும்தான் இருக்கின்றன! புட்டி வீட்டில் இருந்தது. தடுப்பூசி அட்டையும் வீட்டில்தான் இருந்தது. குழந்தையோ பேசும் பொம்மையைத் திரும்பியும் பாராமல், தான் தினந்தோறும் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கும் பழைய புடவைத் துண்டைக் கேட்டு விம்மி விம்மி அழுதாள். இரவு பத்து மணிக்கு நண்பர் தாம்பரத்துக்குப் போய் அதை எடுத்து வந்தார்.

இவர்கள் அன்பில்லாத பெற்றோர்கள் அல்லர், படிப்பில்லாதவர்களும் அல்லர். கவலை வந்த வேளையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று புத்திக்குப் புலப்படுவதில்லை. ஆகையால் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாயிருக்கும் இந்த வேளையிலேயே இதைப் பற்றிச் சிறிது சிந்தித்து வைப்பது நலம்.

முதலாவது, காகிதங்கள். ஒரு துணிப்பையைத் தனியே ஒதுக்கி, தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றை அதில் போட்டு வைக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்களும் அதிலேயே இருக்கட்டும். எந்த மருந்தாவது உணவாவது குழந்தைக்கு ஒவ்வாது என்றால், அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்க வேண்டும். பையை ஒரே இடத்தில் மாட்டி வைத்தால், நடுநிசியில் ஜுரம் கண்டாலும் தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது, மருந்துகள். பெயரை மட்டும் சொன்னால் போதாது. புட்டியையே கொண்டுபோக வேண்டும். ஜுரத்துக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மருந்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே பெயருள்ள மருந்து, 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ளதாகவும் விற்கிறது. 250 மில்லிகிராம் உள்ளதாகவும் விற்கிறது. குழந்தைகளுக்கு மருந்தின் அளவை வயதைக் காட்டிலும் எடையைக் கொண்டே டாக்டர்கள் பெரும்பாலும் நிர்ணயிக்கிறார்கள். ஆகவே கடைசியாக எடுத்த எடையையும், கடைசி வேளை மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பதையும் எழுதிக்கொண்டு போவது உத்தமம். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, துணிமணிகள். கையில் ஊசிக் குழாய் செருகியிருக்கும் குழந்தைக்குத் தலை வழியாகச் சட்டை மாட்டுவது பெரும்பாடு. முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த பருத்திச் சட்டைகள் நாலைந்து வேண்டும். துண்டு, போர்வை, செருப்பு, சீப்பு, சோப்பு, பல் துலக்கும் சாமான், குழந்தைக்குப் பழக்கமான தம்ளரும் கரண்டியும், வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க் ஆகியவை போதும். எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி, ஹால்ஸ் சாலையிலுள்ள அரசினர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மூட்டையும் கையுமாய்ச் செல்லும் வெளியூர்த் தாய்மார்களைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் பாயும் பிளாஸ்டிக் வாளியும் மறவாமல் கொண்டு வருகிறார்கள். அநுபவம் கற்பித்த பாடம் அது. கூட இருக்கும் தாய்க்கும் மாற்றுப் புடவையும், அவள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளும் வேண்டும் என்பதை நாம்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கொண்டுபோகக் கூடாதவையும் உண்டு. வளையல், கொலுசு, அரைஞாண், தாயத்து இவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடலாம். ரண சிகிச்சைக்கும் படம் பிடிப்பதற்கும் எப்படியும் கழற்றத்தான் சொல்வார்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட வேண்டும். விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைப் பார்க்கும் கருவிக்கு அது இடைஞ்சல். பொத்தான் போன்ற சிறு பாட்டரி உள்ள பொம்மைகள் அபாயமானவை; குழந்தை அந்தப் பாட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடக் கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பதும் கூடாது.

பலகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மயக்க மருந்து கொடுக்குமுன் வயிறு காலியாயிருக்க வேண்டும். இல்லாவிடில் உண்டது மேலே வந்து மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பொதுவாகத் திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வது வழக்கம். எனினும் நமது டாக்டர் சொல்லும் மணிக் கணக்கே பிரமாணம். பசிக்கிறதே என்று பாட்டி இரகசியமாகக் கொடுக்கும் ஒரு பிஸ்கோத்து, சிகிச்சையையே ஒத்திப்போடச் செய்துவிடும்.

இனி, அந்தப் பழைய புடவைத் துண்டுக்கு வருவோம். அதைக் கேலி செய்ய வேண்டாம். ஒரு காலத்தில் இங்கிலாந்து தேசத்து ஆஸ்பத்திரிகளில் பெற்றோர்கள் குழந்தையைப் பார்க்க வருவதையே மிகவும் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். அழுகை ஓய்ந்து மௌனமாகிவிட்ட குழந்தையைக் கண்டு, 'பழகிவிட்டது' என்று மகிழ்ந்தார்கள். ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுப் பெண் ஒருத்தியைச் சலனப் படம் பிடித்து 1952-ல் வெளியிட்டார். அந்த மௌனம் பழக்கமன்று, துயரமே என்பதை அந்தப் படம் எடுத்துக்காட்டியது. 1959-ல் ஸர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த கமிட்டி, பெற்றோர்கள் தடையின்றி வந்து பார்க்கலாம் என்றும், சிறு குழந்தைகளோடு தாயும் தங்க வசதி செய்ய வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. நமது நாட்டில் தாய் கூடத் தங்குவது வழக்கமாகவே இருக்கிறது. அவளையும் பரிசோதனை அறை வாசலில் நிறுத்திவிடும் சில நிமிஷங்களில், அவளுடைய வாசனை வீசும் துண்டுதான் குழந்தைக்குத் துணை. வீட்டிலிருந்து வரும் பொருள் புதியதாயிருக்க வேண்டியதில்லை, பழகியதாயிருந்தால் போதும்.

கடைசியாக, எந்தப் பெட்டியிலும் அடங்காத சாமான் ஒன்று உண்டு. அதுதான் உண்மை. "எங்கே போகிறோம்?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "கடற்கரைக்கு அம்மா!" என்று சொல்லி வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்துடன் சொன்ன பொய்தான். "உன் வயிற்றில் ஒரு சின்ன வீக்கம் இருக்கிறது, டாக்டர் மாமா அதைச் சரி செய்வார், ஊசி கொஞ்சம் வலிக்கும், அம்மா கூடவே இருப்பாள், பிறகு வீட்டுக்கு வந்துவிடுவோம்" என்று இரண்டு நாள் முன்னதாகவே சொல்லியிருந்தால், நான்கு வயதுக் குழந்தைக்கு அது விளங்காமற் போகாது. வீட்டில், "குறும்பு செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று பயமுறுத்தும் வழக்கத்தையும் அன்றோடு விட்டுவிட வேண்டும்.

ரண சிகிச்சை நன்றாகவே முடிந்தது. குழந்தை மறுநாளே வீடு திரும்பினாள்; காயமும் ஆறிவிட்டது. மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர், "வா, கடற்கரைக்குப் போவோம்" என்று மெய்யாகவே அழைத்தார். குழந்தை ஓடிப்போய்க் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அப்பா, எனக்கு உடம்பு சரியாகிவிட்டது" என்றாளாம். இதை நம்மிடம் சொல்லும்போது நண்பரின் குரல் தழுதழுத்தது. அன்று அவர்கள் கடற்கரைக்குப் போகவில்லை. அவர் திண்ணையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அன்று தாம் சொன்னது பொய்யென்றும், அப்படிச் சொன்னது தவறென்றும் மகளிடம் ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவளாகவே செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். புடவைத் துண்டும் கூடப் போயிற்று.