ரயில் பிரியர்கள் வரைந்த படம்

மும்பையில் மேற்கு, மத்திய, ஹார்பர் மார்க்கங்களோடு 2014 முதல் மெட்ரோவும் ஓடுகிறது. நிர்வாகங்கள் வேறு, பயணி ஒருவரே. ரயில் பிரியர்கள் சிலர் இவை யாவற்றையும் வீட்டிலேயே ஒரே படமாக வரைந்து பிறருக்கும் வழங்குவது பாராட்டத்தக்கது.

லண்டன் சுரங்க ரயிலுக்கு 1931-இல் ஹாரி பெக் என்ற டிராப்ட்ஸ்மேன் ஓய்வு நேரத்தில் வரைந்த படத்தை நிர்வாகம் முதலில் நிராகரித்தது. 1933-இல் அதையே அச்சிட்டது. தூரத்தைவிட எங்கே வண்டி மாறுவது என்பதே பயணிக்கு முக்கியம் என்று அவர் கண்டார். ஊரிலிருந்து புதிதாக வருபவருக்கும் அதுவே கவலை: தாதரில் மாறுவதா, குர்லாவிலா?

ஆனால், கட்டி முடியாத பாதையை ஓடும் பாதைபோல் காட்டினால் வேலைக்குப் போகிறவர் திண்டாடுவார். எனவே வரைபவர்கள் படத்தில் தேதி குறிக்க வேண்டும். அதிகாரிகள் அவற்றைச் சரிபார்த்து நிலையங்களில் மாட்ட வேண்டும்.