வாத்தியத்தில் சாகித்தியம்

பாட்டுக்குச் சொல் உயிர் என்பர். அச்சொல்லை நீக்கி வாத்தியத்தில் வாசித்தால் எஞ்சுவது யாது? இவ்வினா ஓசூரில் எம்முள் எழுந்தது.

ஓசூர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் எல்லையூர். ஆலைத்தொழில் நாடி வந்தோரால் இன்று வேறு பல மொழிகளும் அங்கு ஒலிக்கின்றன. சென்ற விடுமுறையில் ஆண்டுள்ள தெலுங்கு நண்பர் ஒருவரின் இல்லத்தில், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் வாசித்த தியாகராசர் கீர்த்தனங்களை ஒலிப்பதிவிற் கேட்டோம். எமக்கு இராகம் இனித்தது. அடுக்களையிலிருந்த நண்பரின் தாயாரோ ஒவ்வோர் அடியையும் சொல்லோடு முணுமுணுத்துக் கண் கலங்கினார். ஒரே நாதத்தை யாம் பாதியே கேட்டோம். அவர் முழுதும் கேட்டார்.

சாக்ஸ் என்னும் பெல்ஜியர் அக்கருவிக்கு உரிமை பெற்றது 1846ஆம் வருஷம். தியாகராசர் திருவையாற்றில் மறைந்தது 1847ஆம் வருஷம். ஒன்றையொன்று அறியாத அவ்விரண்டையும் இணைத்தவர், 2019இல் மறைந்த கன்னட நாட்டு வித்துவான் கோபால்நாத். மைசூர் அரண்மனை வாத்திய கோஷ்டியில் அக்கருவியைக் கேட்டு மயங்கிய அவர், கமகத்திற்கு இசையுமாறு அதனைத் திருத்தினார். வாய்ப்பாட்டில் வல்ல டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கரான ஜான் ஹாண்டியோடும் வாசித்தார்.

இசைக்கு மொழியில்லை, ஆதலின் வாத்தியமே மேலானது என்பர் சிலர். இஃது அரை உண்மை. எம் ஆலயத்தில் ஆர்கன் மெட்டை மட்டும் இசைக்கையில், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் சொற்கள் சபையாரின் நெஞ்சில் தாமே எழுகின்றன. அவை அறியாத அயலாருக்கு அது வெறும் இன்னோசையே. ஆகவே வாத்தியம் சொல்லை அழிப்பதன்று. கேட்போர் உள்ளத்திலுள்ள சொல்லை எழுப்புவது. உள்ளத்தில் இல்லாததை அஃது எங்ஙனம் எழுப்பும்?

தமிழிற் பாடுக என்று 1943இல் சங்கம் கண்ட நாட்டினர் நாம். சொல்லின் அருமை அறிந்த நாமே அயலார் சொல்லைப் புறக்கணித்தல் தகுமோ? எம் கல்லூரி விழாக்களில் ஒரு கீர்த்தனத்தை வாசிக்குமுன், அதன் பொருளைத் தமிழில் ஒரு நிமிஷம் எடுத்துரைத்தல் வேண்டும் என்பது எம் விண்ணப்பம். ஓசூரிலோ அண்டை வீட்டார் மொழியைக் கற்பதே இன்னும் நன்று.

அன்பர்காள்! வாத்தியம் நம்மை அயலார் வீட்டுத் திண்ணைவரை அழைத்துச் செல்லும். உள்ளே புகுதற்குச் சொல் வேண்டும். திண்ணையோடு திரும்புதல் விருந்தினர்க்கு அழகன்று.