பிள்ளையின் புண்ணுக்குத் தாயைத் திட்டாதீர்கள்



கைப்பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்து புண்ணானால் லயத்தில் ஒரே பேச்சுத்தான்: "தாய்க்காரிக்கு கவனமில்லை." இந்தப் பேச்சை இனியாவது நிறுத்துவோம்.

அந்தப் புண் ஈரத்தால் வருவது. மூத்திரமும் மலமும் தோலில் ஊறி, துணியும் உரசும்போது தோல் புண்ணாகிறது. மெல்லிய தோலுள்ள பிள்ளைக்கு இன்னும் சீக்கிரம் வரும். நம் றொசல்லயில் மே தொடங்கினால் மாதக்கணக்கில் மழை. துணி காய வெயில் எங்கே? பெம்பஸ் விலைக்குப் பயந்து ஒன்றையே பின்னேரம் வரை விட்டுவைக்கிறோம். தாய் மலையில் கொழுந்து எடுக்கிறாள். இதில் அவள் குற்றம் என்ன?

செய்ய வேண்டியது இதுதான். நனைந்தவுடன் மாற்றுங்கள். வெறும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். கொஞ்ச நேரம் காற்றுப்பட விடுங்கள். பிறகு சிங்க் ஒக்சைட் கிரீம் அல்லது வாஸ்லின் தடிப்பாகப் பூசுங்கள். துணியில் சவர்க்காரம் தங்காமல் நன்றாக அலசுங்கள்.

பவுடர் வேண்டாம். அந்தத் தூள் பிள்ளையின் மூச்சோடு உள்ளே போகும். பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று ஸ்டீரொயிட் கலந்த கிரீமும் வேண்டாம். அது தோலை மெலிய வைக்கும். மடிப்புக்குள் கடும் சிவப்பும் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளும் இருந்தால் அது பங்கசு. அதற்கு வேறு மருந்து. 2, 3 நாளில் குறையாவிட்டாலும், காய்ச்சல், சீழ், கொப்புளம் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் பகல் முழுக்கப் பிள்ளைக் காம்பராவில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டு வைத்தியம் மட்டும் போதாது. 1 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு, வேலை நேரத்தில் பாலூட்ட 2 இடைவேளைகளை மகப்பேற்று நன்மைகள் சட்டம் தருகிறது. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் 1 மணித்தியாலம். நிறை குறையும், பேர் விழாது என்று பயந்து அந்த நேரத்தை விட்டுக்கொடுக்கும் தாய்மார் எத்தனை பேர்? பால் கொடுக்க வருபவள் துணியையும் மாற்றிவிட்டுப் போகலாமே.

சங்கத் தலைவர்மாரே, சம்பளத்தோடு இதையும் பேசுங்கள். அந்த இடைவேளைக்காக நிறையில் கைவைக்கக் கூடாது. பிள்ளைக் காம்பராவில் மழையிலும் துணி காயப்போட ஓர் இடம் வேண்டும். தகப்பன்மாரே, துணி மாற்ற நமக்கும் கை இருக்கிறது.