பயிற்றுநரும் ஆளுமையும்: இரு ஜோன்சன்கள் உணர்த்தும் உண்மை

விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும், சிறந்த பயிற்றுநர் தலைவர்களை உருவாக்குவார் என்னும் கருத்து கல்வியுலகிலே நெடுங்காலமாக ஐயத்துக்கிடமின்றி ஏற்கப்பட்டு வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் உயர்குடிப் பாடசாலைகளில் உருப்பெற்ற இக்கருத்து, மிஷன் கல்லூரிகள் வழியாக இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. பரிசளிப்பு விழாக்களில் அஃது இன்றும் மந்திரம்போல ஓதப்படுகின்றது. மந்திரத்தை எவரும் பரிசோதிப்பதில்லை. ஆயின், இளைஞர் ஒருவரின் உடலும் பருவமும் எதிர்காலமும் இன்னொருவர் கையில் ஒப்படைக்கப்படும் விடயமொன்றைப் பரிசோதியாது விடுதல் தகாது.

இக்கருத்தினர் ஊக்கமூட்டும் ஆற்றலையே பயிற்றுநரின் தலையாய பண்பாகப் போற்றுகின்றனர். மாணவன் தன்னை மறந்து பின்தொடருமாறு செய்பவரே மிகச் சிறந்த பயிற்றுநர் என்பது அவர்தம் துணிபு. இங்குதான் அடிப்படைத் தவறு நிகழ்கின்றது. ஊக்கமூட்டல் ஓர் ஆற்றல் மாத்திரமே. அது தன்னளவில் அறமன்று. இதனை மெய்வல்லுநர் வரலாற்றிலே ஒரே பெயர் தாங்கிய இருவரின் கதைகள் தெளிவாக உணர்த்துகின்றன.

முதலாமவர் றேபர் ஜோன்சன். அமெரிக்கக் கறுப்பினத்தவரான இவர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலே எல்வின் டிறேக் என்னும் பயிற்றுநரிடம் பயின்றார். தைவானைச் சேர்ந்த யாங் சுவான் குவாங்கும் அதே மைதானத்தில், அதே பயிற்றுநரின் கீழ்ப் பயிற்சி பெற்றவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராய் விளங்கி, 1958ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கப்பதக்கம் ஈட்டிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கமும் அப்பல்கலைக்கழகத்திற் கல்வி கற்றவரே. எனவே அச்சூழல் இந்நாட்டு வாசகருக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில், பத்து நிகழ்ச்சிகளைக் கொண்ட டெகத்லன் போட்டியிலே ஜோன்சனும் யாங்கும் நேருக்கு நேர் மோதினர். ஒன்பது நிகழ்ச்சிகளின் முடிவில் ஜோன்சன் 67 புள்ளிகளால் முன்னின்றார். இறுதியான 1500 மீற்றர் ஓட்டத்தில் ஏறத்தாழ 10 விநாடிகளால் அவரை முந்தினால் யாங் வென்றிருப்பார். அவ்வோட்டத்தில் யாங்கே வல்லவர். இருவரும் ஆலோசனை நாடிச் சென்றது டிறேக் என்னும் ஒருவரிடமே. யாங்கை விட்டு விலகாது ஓடுமாறு அவர் ஜோன்சனுக்குக் கூறினார்; ஜோன்சனைப் பின்தள்ளி வெகுதூரம் விலகி ஓடுமாறு யாங்கிற்குக் கூறினார். இருவரும் அவ்வாறே ஓடினர். யாங் 1.2 விநாடி முன்னதாக எல்லையைக் கடந்தார். ஆயினும் 58 புள்ளி வேறுபாட்டில் தங்கம் ஜோன்சனுக்குரியதாயிற்று. களைத்துத் தள்ளாடிய இருவரும் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து நின்றனர்.

அப்பயிற்றுநர் தம் நாட்டு வீரனுக்கு மட்டும் உண்மையைக் கூறி, மற்றவனை மழுப்பி அனுப்பியிருக்கலாம். தேசாபிமானத்தின் பெயரால் அதனைப் பாராட்டுவோரும் இருந்திருப்பர். அவர் அவ்வாறு செய்யவில்லை. எதிராளியும் தன்னைப்போன்ற மனிதனே என்பதை அவர் சொற்பொழிவாற் போதிக்கவில்லை. தம் நடத்தையால் நிறுவினார். 1963ஆம் ஆண்டு, அவருடைய பயிற்சியின் கீழேயே யாங் உலக சாதனையை நிலைநாட்டினார் என்பதும் கவனிக்கற்பாலது.

இரண்டாமவர் பென் ஜோன்சன். ஜமேக்காவிலிருந்து கனடாவிற் குடியேறிய இவர், பதின்ம வயதிலேயே சார்லி பிரான்சிஸ் என்னும் பயிற்றுநரிடம் சேர்ந்தார். பிரான்சிஸ் ஊக்கமூட்டத் தெரியாதவரல்லர். ஆழ்ந்த தொழிலறிவும் மாணவரின் முழு நம்பிக்கையும் அவருக்கு வாய்த்திருந்தன. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜோன்சனின் பதக்கம், ஊக்கமருந்துப் பரிசோதனையின் பின் சில நாட்களுக்குள் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கனடாவின் டூபின் ஆணைக்குழு முன்னிலையில், ஜோன்சன் 1981ஆம் ஆண்டிலிருந்தே ஸ்டீரொயிட் உட்கொண்டு வந்ததாகப் பயிற்றுநரே சாட்சியமளித்தார். முன்னணி வீரர்கள் மருந்து உட்கொள்கின்றனர், உட்கொள்ளாதவன் பின்தங்கியே ஓடவேண்டும் என்பது அவரது வாதம்.

அவ்வாதம் வெறும் கற்பனையன்று. அவ்விறுதி ஓட்டத்தில் ஓடிய எண்மருட் பலர் ஊக்கமருந்து விவகாரங்களிற் சம்பந்தப்பட்டமை பின்னர் வெளிப்பட்டது. ஆயின் பிறர் செய்கின்றனர் என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது. வளர்ந்துவரும் இளைஞனொருவனுக்கு அவனது பெருமதிப்புக்குரிய ஆசான் கற்பித்த பாடம் யாது? எதிராளிகள் யாவரும் ஏமாற்றுவோர். ஆதலால் நீயும் ஏமாற்று என்பதே. அப்பாடம் ஆழப் பதிந்தது. 1993ஆம் ஆண்டு மீண்டும் பரிசோதனையிற் சிக்கிய அவ்வீரன் ஆயுட்காலத் தடைக்கு உள்ளானான்.

இவ்விடத்திற் சிலர் மறுப்பொன்றை எழுப்புவர். றேபர் ஜோன்சன் இயல்பிலேயே உயர்குணம் படைத்தவர். டிறேக்கிடம் வருமுன்னரே உயர்நிலைப் பாடசாலையில் மாணவர் தலைவராய் விளங்கியவர். பயிற்றுநர் அவரை உருவாக்கினார் என்பது மிகை என்பர். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. எந்தப் பயிற்றுநரும் களிமண்ணைப் பிசைந்து மனிதனைப் படைப்பதில்லை. ஆயின் உள்ள குணம் வளர்வதற்கு இடங்கொடுக்கவும், அதனைக் கருக்கிவிடவும் அவரால் இயலும். ஜோன்சன் பயிற்சிக் காலத்திலேயே பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் தலைவராகவும் பணியாற்றினார். ஓடுபாதைக்கு வெளியே மாணவனுக்கு உலகம் இருத்தலாகாது எனக் கருதும் பயிற்றுநரிடம் இது சாத்தியமாகியிராது. 1969ஆம் ஆண்டு, அறிவுவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்பு ஒலிம்பிக் இயக்கத்தைத் தென் கலிபோர்ணியாவில் நிறுவுவதில் முன்னின்ற ஜோன்சன், 2020ஆம் ஆண்டு மறையும் வரை அதனோடு இணைந்திருந்தார். தலைமைப்பண்பு என்பது பயிற்றுநர் அருகில் இல்லாத இத்தகைய ஆண்டுகளிலேதான் அளக்கப்படுகின்றது.

இனி, கடுமையான கீழ்ப்படிவின்றி ஒழுங்கு இல்லை என வாதிடுவோர் உளர். மைதானத்தில் மாணவரை ஏசுவதும், காயத்தை மறைத்து ஓடச் செய்வதும், வினா எழுப்புபவனை அணியிலிருந்து நீக்குவதும் குணத்தைப் பதப்படுத்தும் வழிகள் என்பது இவர்தம் நம்பிக்கை. கீழ்ப்படிவு வேறு, ஒழுங்கு வேறு. கட்டளையிடுபவர் அகன்றதும் முன்னது மறைந்துவிடும்; பின்னது மனிதனோடு நிலைத்திருக்கும். பயிற்றுநரின் சொல்லை ஆண்டுக்கணக்காகத் தட்டாது நடந்த பென் ஜோன்சனைவிடக் கீழ்ப்படிவுள்ள மாணவனை எங்குத் தேடுவது? மறுத்துக் கூறக் கற்பிக்கப்படாத மாணவன், மறுத்தேயாக வேண்டிய நாளிலும் தலையசைப்பான். அவனைத் தலைவன் என்றழைத்தல் சொல்லைத் துஷ்பிரயோகம் செய்வதாகும்.

இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளும் பயிற்றுநரைப் பெரும்பாலும் கிண்ணங்களின் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடுகின்றன. விரிவுரையாளரின் நடத்தை ஆராயப்படும் அளவுக்குப் பயிற்றுநரின் நடத்தை ஆராயப்படுவதில்லை. விரிவுரையாளருக்குரிய மதிப்பும் அவருக்கு அளிக்கப்படுவதில்லை. இவ்விரு குறைகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை: விளையாட்டு கல்வியன்று, கல்விக்குப் புறம்பான பொழுதுபோக்கு என்னும் எண்ணமே அவ்வேர். மாணவனின் ஆளுமையைப் பயிற்றுநர் வனைகிறார் என மேடையில் முழங்குவோர் அதனை உண்மையிலேயே நம்புவராயின், அவரை ஆசிரியராக மதித்து, ஆசிரியருக்குரிய பொறுப்பையும் அவரிடம் கேட்டேயாக வேண்டும். தோற்ற மாணவனை அவர் எவ்வாறு நடத்தினார், எதிரணியினரைப் பற்றி என்ன பேசினார், தம்மை மறுத்துப் பேசிய மாணவனுக்கு அணியில் இடமளித்தாரா என்பனவும் அவரது மதிப்பீட்டில் இடம்பெறல் வேண்டும். அதுவரை, விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும் என்னும் கூற்று பரிசளிப்பு விழாவோடு முடிந்துபோகும் அலங்கார வார்த்தையாகவே இருக்கும்.