சான்றிதழ் வாங்கினால் சம்பா விளையுமா?

மதிப்பிற்குரிய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

பொதுத்துறை வங்கிகளைத் தனியாருக்கு விற்கும் பேச்சு, 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு அவ்வப்போது தலைதூக்குகிறது. விவசாயிகள் கவலைப்பட்டால் ஒரே சமாதானம்தான் வருகிறது: "முதலாளி யாராக இருந்தால் என்ன? விவசாயத்துக்கு 18 சதவீதம் கடன் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே!" அந்த விதியைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் வங்கியே நடத்திய 1951-52 ஊரகக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் வணிக வங்கிகளின் பங்கு 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 1969-ல் 14 வங்கிகள் அரசுடைமையான பிறகுதான் கிராமங்களில் கிளைகள் பெருகின. கூட்டுறவுச் சங்கமோ உறுப்பினர்களுக்குச் சொந்தம். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. யார் வயலுக்கு எந்த வாய்க்கால் பாய்கிறது என்பது சொசைட்டி செயலாளருக்குத் தெரியும். ஆனால் கைமுதல் குறைவு, கட்சிக்காரர்களின் தலையீடு அதிகம். எந்த ஏற்பாட்டிலும் குறை உண்டு. ஆனாலும் மேலாளர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பொறுத்தே கடன் யாருக்கு என்பதும் முடிவாகிறது.

இந்த வேறுபாட்டை உங்கள் விதி மறைத்துவிடுகிறது. 2016 முதல், இலக்கை எட்டாத வங்கி, கூடுதலாகக் கடன் கொடுத்த இன்னொரு வங்கியிடமிருந்து முன்னுரிமைக் கடன் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டலாம். கடன் கைமாறுவதில்லை, கணக்கு மட்டும் மாறுகிறது. விற்கும் கிராம வங்கிக்கு அதில் வருமானம் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கும் வங்கி ஒரு விவசாயியையும் புதிதாகச் சந்திக்க வேண்டியதில்லை. அப்படியும் துண்டு விழுந்தால், அந்தத் தொகையை நபார்டின் ஊரகக் கட்டமைப்பு நிதி போன்றவற்றில் போட்டுவிடலாம். அதில் பாலமும் சாலையும் வரும். நடவுக் கூலி வராது.

டெல்டாவில் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் வங்கிக்குப் போனால் முதல் கேள்வி, "சிட்டா யார் பெயரில்?" நிலம் அவர் பெயரில் இல்லை; குத்தகையோ வாய்ப்பேச்சு. அடுத்து மனைவியின் சங்கிலிதான் கவுன்டருக்கு வருகிறது. மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து, கல்லின் எடையைக் கழித்து, தொகை சொல்கிறார். வாய்மொழிக் குத்தகைதாரரையும் சிறு, குறு விவசாயி என்று கணக்கில் சேர்ப்பது உங்கள் விதி. 2025 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானம் வேண்டாம் என்பதும் உங்கள் உத்தரவு. இரண்டும் அந்தக் கவுன்டர் வரை வந்து சேரவில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள். சிறு, குறு விவசாயிகளுக்கான 10 சதவீத உள் இலக்கில் எவ்வளவை நேரடியாகக் கொடுத்தது, எவ்வளவைச் சான்றிதழாக வாங்கியது என்பதை ஒவ்வொரு வங்கியும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். அந்த இலக்கில் சான்றிதழுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். நகைக் கடனையும் பயிர்க்கடனையும் தனித்தனியே காட்ட வேண்டும்.

வங்கிகளை விற்பதா வேண்டாமா என்பதை அரசு முடிவு செய்யட்டும். அதற்குமுன், இன்று அரசு வங்கியும் தனியார் வங்கியும் எங்களுக்கு நேரடியாகக் கொடுப்பது எவ்வளவு என்பதை நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி ஊரறியச் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
காவிரிக் கடைமடை விவசாயி ஒருவர்