6174: விடையை முதலில் சொல்லிவிடாதீர்கள்

என்சிஇஆர்டி 2024-இல் வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் எண் விளையாட்டுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் 6174 என்ற எண்ணுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மனதார வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், ‘கப்ரேக்கர் மாறிலி எது?’ என்ற ஒரு மதிப்பெண் வினாவாக அது தேர்வுத்தாளுக்குள் நுழைந்துவிட்டால் விளையாட்டு அங்கேயே செத்துவிடும். விடையை மனப்பாடம் செய்துவிட்ட பிள்ளை அந்த எண்ணைத் தேடிப் போக என்ன காரணம் மிச்சமிருக்கிறது?

ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கமும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதை அதிலிருந்து கழியுங்கள். வந்த விடையை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். 3524 என்றால், 5432-இல் 2345 போக 3087. அடுத்து 8730-இல் 0378 போக 8352. பிறகு 8532-இல் 2358 போக 6174. அதற்குமேல் எத்தனை முறை கழித்தாலும் 6174தான். எங்கே தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து நின்றுவிடும்.

இதைக் கண்டவர் தத்தாத்ரேய ராம்சந்திர கப்ரேக்கர். நாசிக் பக்கத்திலுள்ள தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதுநிலைப் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ அவருக்குக் கிடையாது. 6174 பற்றி அவர் அறிவித்தது நம் சென்னையில், 1949-இல் நடந்த கணித மாநாட்டில். வெறும் எண் வேடிக்கை என்று அவரை ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

வகுப்பறையில் இந்த வேடிக்கை செய்யும் வேலை பெரிது. கடன் வாங்கிக் கழித்தலுக்கு இருபது கணக்கு கொடுத்தால் முகம் சுளிக்கும் பிள்ளை, இங்கே யாரும் சொல்லாமலே ஆறேழு முறை கடன் வாங்கிக் கழிக்கிறது. எட்டாவது கழித்தலிலும் 6174 வரவில்லை என்றால் எங்கோ தவறியிருக்கிறோம் என்று அதுவே கண்டுகொண்டு, மேலே போய்த் தேடுகிறது. சிவப்பு மை தேவைப்படுவதில்லை. 2111-ஐ எடுத்த பிள்ளையைப் பாருங்கள்: 2111-இல் 1112 போக 999. அதை 999 என்றே வைத்துக்கொண்டால் அடுத்த கழித்தலில் பூஜ்யம்தான் மிஞ்சும். 0999 என்று எழுதினால் 8991, 8082, 8532, அப்புறம் 6174. முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதை எந்த விளக்கவுரையும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிடாது.

ஆனாலும் வியப்போடு நின்றுவிட்டால் பாதிதான் கிடைத்தது. பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தோடு வயதைக் கூட்டச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி முதல் யூடியூபின் ‘கணித மேஜிக்’ வரை எல்லாமே கைதட்டலோடு முடிந்துவிடுகின்றன. ஏன் அப்படி வருகிறது என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. 6174-க்கோ அந்தக் கேள்வி ஒரு பள்ளிப் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இறங்குவரிசையில் நிற்கும் நான்கு இலக்கங்களில் முதலாவதற்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். நடுவில் உள்ள இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் கழித்தல் விடை வந்துவிடும். ஆக, விடையைத் தீர்மானிப்பது இரண்டே வித்தியாசங்கள். முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு வித்தியாசம் 0-வில் தொடங்கும், முதலாவதைத் தாண்டாது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 ஜோடிகள். முன்னால் பூஜ்யம் வருபவற்றையும் சேர்த்து நாம் தொடங்கக்கூடிய எண்கள் 9,990. ஒரே ஒரு கழித்தலில் அத்தனையும் 54 எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன! எல்லாமே 9-இன் மடங்குகள். அந்த 54-ஐயும் வகுப்பில் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால், ஒரே பாடவேளையில் கப்ரேக்கரின் கூற்றை முழுமையாக நிரூபித்துவிடலாம். ஆறாம் வகுப்பில் ஒரு நிரூபணம், அதுவும் பிள்ளைகள் கையாலேயே! இந்த வாய்ப்பைத்தான் ஒரு மதிப்பெண் வினா பறித்துக்கொள்ளும்.

ஆகவே ஆசிரியர்கள் விடையைக் கரும்பலகையில் முதலில் எழுதிவிடக் கூடாது. நாற்பது பேரும் நாற்பது எண்ணில் தொடங்கட்டும். ஒரே எண் வருவதை அவர்களே பார்த்துக் கூச்சல் போடட்டும். ‘மூன்று இலக்கத்துக்கும் இப்படி வருமா சார்?’ என்று யாராவது கேட்பார்கள். வரும், 495. அதையும் சொல்லிவிட வேண்டாம். ஐந்து இலக்கத்துக்குப் போனவர்கள் அப்படி ஒற்றை எண் கிடைக்காமல் திகைப்பார்கள். 53955-ஐக் கழித்தால் 59994, அதைக் கழித்தால் மறுபடி 53955. இப்படிச் சுழல்வது இது ஒன்று மட்டுமல்ல, வேறு சுழல்களும் உண்டு.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதற்கென்று புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. வளரறி மதிப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. செயல்பாட்டுக்கென்று சார்ட் ஒட்டவைத்து மதிப்பெண் போடுவதற்குப் பதிலாக, ஐந்து இலக்கச் சுழல்களைத் தேடிப்போன நோட்டுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். தேடி, கிடைக்காமல் நின்ற பக்கத்துக்கும் சேர்த்து.